நன்னீர்ச் சிங்கி இறாலைத் தூய்மை செய்தல்

நன்னீர்ச் சிங்கி இறாலைத் தூய்மை செய்தல் என்பது, உயிருடன் வாங்கப்படும் நன்னீர்ச் சிங்கி இறால்களை வேகவைப்பதற்கு முன்னர், அவற்றின் ஓட்டிலும் செவுள்களிலும் ஒட்டியுள்ள சேறு, புல், இரைத் துணுக்கு முதலியவற்றை நீக்கி, இறந்தவற்றைப் பிரித்தெடுக்கும் செயற்பாடு ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலும் அதனை அடுத்துள்ள டெக்சாசு, மிசிசிப்பி ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளிலும், ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் நடைபெறும் வேகவைப்பு விருந்துகளில் இது முதல் வேலையாக அமைகின்றது.

இச்செயற்பாட்டில் இரண்டு தனித்தனி வேலைகள் பேச்சுவழக்கில் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒன்று உடலின் வெளிப்புறத்தைக் கழுவுதல். மற்றது குடலைக் காலியாக்குதல். இரண்டுக்கும் லூசியானா மக்கள் "பர்ஜ்" என்னும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றனர். உப்பு நீரில் சில நிமிடங்கள் இட்டால் சிங்கி இறால் தன் குடலில் உள்ளவற்றை வெளியேற்றிவிடும் என்னும் பரவலான நம்பிக்கை இக்குழப்பத்தை ஒட்டியே நிலைத்துள்ளது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் மையம் வெளியிட்ட வளர்ப்புக் கையேடுகள், உப்புக் குளியல் வெளிப்புறக் கழுவலுக்கு மேல் எதையும் செய்வதில்லை என்று தெளிவாகக் கூறுகின்றன.

பெயர்

இந்தியத் துணைக்கண்டத்தில் இவ்விலங்கு இயற்கையாக வாழ்வதில்லை. எனவே தமிழில் இதற்கு நிலைபெற்ற பெயர் எதுவும் இல்லை. தமிழகக் கடற்கரையில் சிங்கி இறால் எனப்படுவது கடலில் வாழ்வதும் பெரிய கொடுக்குகள் இல்லாததுமான வேறோர் உயிரினம். ஆற்று இறால் என்பதும் இதுவன்று. நன்னீர்ச் சிங்கி இறால், கடற் சிங்கியைப் போன்ற தடித்த ஓடும், நண்டைப் போன்ற வலிய இரு கொடுக்குகளும், ஏறத்தாழ ஒரு விரல் நீளமும் கொண்டது. லூசியானாவில் இதனைக் கிராஃபிஷ் என்றும், ஆங்கிலம் பேசும் ஏனைய பல பகுதிகளில் கிரேஃபிஷ் என்றும் அழைக்கின்றனர். இக்கட்டுரையில் இனிச் சிங்கி இறால் என வருமிடமெல்லாம் நன்னீரில் வாழ்வதையே குறிக்கும்.

இனங்களும் உடலமைப்பும்

லூசியானாவில் உணவாகும் சிங்கி இறால்களில் இரு இனங்கள் முதன்மையானவை. பெரும்பகுதி செஞ்சதுப்புச் சிங்கி இறால் (பிரோகாம்பரசு கிளார்க்கி) ஆகும். அதனுடன் சிறு அளவில் வெள்ளாற்றுச் சிங்கி இறாலும் (பிரோகாம்பரசு சோனாங்குலசு) ஒரே குளத்தில் கலந்து வாழ்கின்றது. சமையலில் இவற்றுக்கு இடையே வேறுபாடு பார்ப்பதில்லை.

தூய்மை செய்தலைப் புரிந்துகொள்ள இவ்விலங்கின் உடலில் நான்கு பகுதிகளை அறிந்திருத்தல் போதுமானது. முதலாவது, தலையும் நெஞ்சும் இணைந்த முற்பகுதியின் இரு பக்கங்களிலும், ஓட்டுக்குக் கீழே அமைந்துள்ள செவுள் அறைகள். சேறு மிகுதியாகத் தங்கும் இடம் இதுவே. வெளியோட்டைத் தேய்ப்பதால் மட்டும் இது போவதில்லை. விலங்கு உயிருடன் நீரில் இருந்து, செவுள்களின் ஊடாக நீரைச் செலுத்தும்போதுதான் பெருமளவு வெளியேறும். உயிருடன் இருக்கும்போதே கழுவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது இரைப்பை. இது தலைப்பகுதியில், கண்களுக்குச் சற்றுப் பின்னே உள்ளது. உணவை அரைப்பதற்குக் கடினமான பற்கள் இதன் உட்புறத்தில் உள்ளன. மூன்றாவது, இரைப்பையை அடுத்துள்ள கல்லீரல்-கணையச் சுரப்பி. மஞ்சள் நிறமான இப்பகுதியையே லூசியானா மக்கள் "கொழுப்பு" என்று அழைத்து விரும்பி உண்கின்றனர். அது உண்மையில் கொழுப்பன்று, செரிமான உறுப்பாகும். வாலைத் திருகி எடுத்தபின் தலையை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கம் இதன் சுவைக்காகவே ஏற்பட்டது. நான்காவது, வாலின் மேற்புறத்தில் நீளவாக்கில் ஓடும் குடல். கறுப்பு நூல்போலத் தோன்றும் இதனைச் சிலர் நரம்பு என்பர். கடல் இறாலை உரிக்கும்போது முதுகைக் கீறி நீக்கப்படும் அதே உறுப்புத்தான் இது.

தலையை உறிஞ்சும் வழக்கம் இல்லாதிருந்தால், லூசியானாவில் தூய்மை பற்றி இவ்வளவு வாதம் எழுந்திருக்காது எனலாம். வாலை மட்டும் உண்போர் குடலைக் கையால் உருவி எறிந்துவிட முடியும். தலையை உறிஞ்சுவோருக்கு இரைப்பையில் உள்ளதும் செவுளில் உள்ளதும் ஒருங்கே வாய்க்கு வருகின்றன.

சேறு சேரும் வழி

லூசியானாவின் சிங்கி இறால்கள் இரு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று அட்சாபலாயா ஆற்றுப் படுகையின் சதுப்பு நிலங்கள். மற்றது, தென்மேற்குப் பகுதியின் நெல்வயல்களை ஒட்டி அமைந்த ஆழமற்ற குளங்கள். நெல் அறுவடை முடிந்தபின் வயலில் மீண்டும் நீர் தேக்கப்படுகின்றது. எஞ்சிய தாளும் வைக்கோலும் அழுகத் தொடங்க, அவற்றில் வளரும் நுண்ணுயிர்களும் புழு பூச்சிகளும் சிங்கி இறாலுக்கு உணவாகின்றன. குடலில் காணப்படும் கறுப்புப் பொருள் பெரும்பாலும் இந்த அழுகிய தாவரமும் மண்ணும் ஆகும்.

கம்பி வலையால் ஆன கூம்பு வடிவப் பொறிகளில் இவை பிடிக்கப்படுகின்றன. குளிர்ந்த நீரில் வெட்டிய மீன் துண்டுகளும், நீர் வெப்பமடைந்தபின் ஆலையில் செய்த இரை உருளைகளும் பொறிகளில் இடப்படும. பொறியில் அகப்பட்ட விலங்கு இரையை உண்டுகொண்டே இருப்பதால், பிடிபடும் நேரத்தில் அதன் வயிறு நிறைந்திருக்கும். பின்னர் இவை வலைச் சாக்குகளில் நெருக்கி அடைக்கப்படுகின்றன. ஒரு சாக்கின் எடை பொதுவாக 14 முதல் 18 கிலோகிராம் வரை இருக்கும். அதில் பல நூறு சிங்கி இறால்கள் உயிருடன் இருக்கும். சாக்கினுள் இரைத் துண்டு, நெல் தாள், சிறு மீன், நீர்ப்பூச்சி ஆகியன கலந்து வருவது இயல்பானதே. இதனைக் கொண்டு விற்பவரைக் குறை கூற இடமில்லை.

பருவத்தின் பிற்பகுதியில் வருவனவற்றில் சிலவற்றின் வயிற்றுப்புறமும் கால்களும் கருத்துக் காணப்படும். நெடுநாள் தோலுரிக்காத பழைய ஓட்டில் படிந்த கறை இது. எத்தனை முறை கழுவினாலும் இது நீங்காது. இதனை அழுக்கு என எண்ணித் தொடர்ந்து கழுவுவோர், விலங்கைக் களைப்படையச் செய்வதைத் தவிர வேறு பயன் காண்பதில்லை.

சாக்கில் இருக்கும் நேரம்

சிங்கி இறால் செவுளால் மூச்சுவிடும் விலங்காயினும், செவுள்கள் ஈரமாக இருக்கும்வரை நீருக்கு வெளியே சில நாட்கள் உயிர்வாழ வல்லது. செவுள் அறையில் தங்கும் ஈரத்தின் வழியாகக் காற்றிலுள்ள உயிர்வளியை அது பெறுகின்றது. ஆகையால் வாங்கிய சாக்கை நிழலில், ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருத்தலே முதன்மையானது. வணிகர்களின் குளிர் அறைகளில் ஏறத்தாழ 4 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலை பேணப்படுகின்றது. வெயிலும் காற்றும் செவுள்களை உலர்த்திவிடும். திறந்த வண்டியின் பின்புறத்தில் மூடாது கொண்டுசெல்லப்படும் சாக்கில் இழப்பு மிகுதி.

வீட்டில் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்போர், பெட்டியின் வடிகால் அடைப்பைத் திறந்து, பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தல் வேண்டும். பனிக்கட்டி உருகிய நீர் அடியில் தேங்கினால், அடியிலுள்ளவை அந்நீரில் மூழ்கி இறக்கும். நீர்வாழ் விலங்கு நீரில் மூழ்கி இறப்பது முரண்போலத் தோன்றலாம். காரணம் எளிது. தேங்கிய சிறிதளவு நீரில் கரைந்துள்ள உயிர்வளியைப் பல நூறு விலங்குகள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் அந்நீர் அவற்றுக்கு மூச்சுத் தராது. மூடியை முற்றிலும் இறுக்கி மூடுவதும் இதே காரணத்தால் தவிர்க்கப்படுகின்றது.

கழுவும் முறை

சாக்கைத் திறப்பதற்கு முன்னரே, அதன்மீது குழாய் நீரை நன்கு பாய்ச்சி வெளிச்சேறு போக்கப்படுகின்றது. பின்னர் அகன்ற தொட்டி ஒன்றில் சாக்கு கவிழ்க்கப்படும். துத்தநாகம் பூசிய பெரிய தகரத் தொட்டி, பனிக்கட்டிப் பெட்டி, குழந்தைகள் நீரில் விளையாடும் ஆழமற்ற நெகிழித் தொட்டி என எதுவும் இதற்குப் பயன்படும். ஆழத்தைவிட அகலமே தேவையானது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் அடியிலுள்ளவை நசுங்குவதோடு அவற்றின் செவுளுக்குப் புது நீரும் கிட்டாது.

விலங்குகள் மூழ்கும் அளவுக்கு நீர் நிரப்பி, ஒரு துடுப்பினாலோ தடித்த கையுறை அணிந்த கையினாலோ மெதுவாகக் கிளறுவர். ஓரிரு நிமிடங்களில் நீர் கலங்கிப் பழுப்பு நிறமாகும். அதனை முழுதும் வடித்துவிட்டு மீண்டும் நீர் நிரப்புதல் வேண்டும். நீர் ஏறத்தாழத் தெளிவாக வடியும்வரை, பொதுவாக மூன்று அல்லது நான்கு முறை இவ்வாறு செய்யப்படும். முற்றிலும் தெளிந்த நீரை எதிர்பார்த்தல் வீண். விலங்கு உயிருடன் இருக்கும்வரை சிறிது கழிவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் மிதக்கும் தாள், இரைத் துண்டு ஆகியவற்றை அரித்து எடுப்பது உண்டு. பெரிய உணவகங்களில் நீர்த்தாரையும் காற்றும் செலுத்தப்படும் கழுவுதொட்டிகள் இவ்வேலையைச் செய்கின்றன.

வேகவைக்கும் நீர் கொதிக்கத் தொடங்கும் நேரத்தைக் கணக்கிட்டுக் கழுவத் தொடங்குவதே நல்ல முறை. விருந்துக்குப் பயன்படும் பெரிய பாத்திரம் 60 முதல் 75 லிட்டர் வரை கொள்ளளவு உடையது. அது கொதிநிலையை அடைய நெடுநேரம் ஆகும். அதற்குள் கழுவி முடித்து, விலங்குகளைத் தொட்டி நீரிலேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கச் செல்வது வழக்கமாக நேரும் பிழை ஆகும். தேங்கிய நீரில் அவை மூச்சுத் திணறி இறக்கும். கழுவியவற்றை நீர் வடித்து, ஈரத் துணியால் மூடி நிழலில் வைப்பதே ஏற்றது.

கையால் எடுக்கும்போது, கொடுக்குகளுக்குப் பின்னே முதுகோட்டின் இரு பக்கங்களையும் பற்றினால் விலங்கால் திரும்பிக் கடிக்க இயலாது.

உப்பு நீர் வழக்கம்

லூசியானாவின் பல குடும்பங்களில், கழுவும் தொட்டியில் ஒரு பெட்டி உப்பை (ஏறத்தாழ 740 கிராம்) கொட்டிக் கிளறுவது தலைமுறைகளாக வந்த வழக்கம். சிலர் அதனுடன் புளிக்காடியும் சேர்ப்பர். உப்பைக் கொட்டியதும் விலங்குகள் துள்ளும், நுரை எழும், நீர் கலங்கும். குடல் காலியாவதற்கு இதுவே சான்று என்று கொள்ளப்படுகின்றது.

உடலியங்கியலின்படி இக்கருத்துப் பொருந்தவில்லை. சிங்கி இறாலின் குருதியில் உள்ள உப்பின் அளவு நன்னீரைவிட மிகவும் கூடியது, கடல்நீரைவிடக் குறைந்தது. தலையின் அடியில் உள்ள பச்சைச் சுரப்பிகள், உடலுக்குள் புகும் மிகுதி நீரைச் சிறுநீராக வெளியேற்றிக் குருதியின் உப்பளவைக் காக்கின்றன. ஒரு பெட்டி உப்பை 40 லிட்டர் நீரில் கரைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 18 கிராம் ஆகும். இது கடல்நீரின் உப்பில் பாதியளவு. குருதியின் உப்பளவையோ சற்றுத் தாண்டியது. இந்நீரில் இட்ட விலங்கு நிலை தடுமாறித் துள்ளுவது இயல்பானதே. ஆனால் குடலில் உள்ள உணவு, குடற்சுவர்த் தசைகளின் அசைவால் பல மணிநேரத்தில் நகர்ந்து வெளியேறுவது. வெளியே உள்ள நீரின் உப்பு, ஐந்து நிமிடத்தில் அவ்வேலையை முடித்துவிடுவதில்லை. கலங்கிய நீரில் காணப்படுவது பெரும்பாலும் ஓட்டிலிருந்தும் செவுளிலிருந்தும் வந்த சேறாகும். உப்பில்லாத நீரில் அதே நேரம் கிளறினாலும் நீர் கலங்கவே செய்யும்.

அப்படியெனில் உப்பால் தீங்கு உண்டா என்னும் வினா எழுகின்றது. சில நிமிடங்கள் இட்டு உடனே நன்னீரில் கழுவினால் பெருந்தீங்கு இல்லை, உப்புச் செலவு மட்டுமே. செஞ்சதுப்புச் சிங்கி இறால் ஓரளவு உவர்நீரையும் தாங்கக்கூடியது. ஆயினும் உப்பு நீரிலேயே நீண்ட நேரம் விட்டுவைப்பவர்கள், உயிர்வளிக் குறைவு, உப்பின் தாக்கம் ஆகிய இரண்டையும் ஒருசேர விலங்கின்மேல் ஏற்றுகின்றனர். வேகவைப்பதற்கு முன்னரே இறப்பவை இதனால் கூடுகின்றன. "நன்றாகத் தூய்மையாகட்டும்" என ஒரு மணிநேரம் உப்பில் ஊறவைப்பது, தூய்மையின் பெயரால் உணவைக் கெடுப்பதாகவே முடியும்.

வேகவைக்கும் நீரில் சேர்க்கும் உப்புடன் இதனைக் குழப்பலாகாது. மிளகாய்த்தூள், எலுமிச்சை, பிரியாணி இலை, வெள்ளைப்பூண்டு ஆகியவற்றோடு பாத்திரத்தில் இடப்படும் உப்பு சுவைக்கானது. சில நிமிடங்கள் கொதித்தபின் அடுப்பை அணைத்து, அதே நீரில் ஊறவைக்கும்போது அது ஓட்டுக்குள் இறங்குகின்றது.

குடலைக் காலியாக்குதல்

உண்மையில் குடல் காலியாக வேண்டுமெனில் தேவைப்படுவது உப்பு அன்று, காலமும் பட்டினியும் ஆகும். தூய்மையான, உயிர்வளி நிறைந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிகளில், அல்லது நீர் தொடர்ந்து தெளிக்கப்படும் ஈரமான தட்டுகளில், உணவின்றி 24 முதல் 48 மணிநேரம் வரை சிங்கி இறால்களை வைத்திருக்கும் முறை பண்ணைகள் சிலவற்றில் உள்ளது. இக்காலத்தின் முடிவில் வாலில் ஓடும் கறுப்புக் கோடு மெலிந்து, பெரும்பாலும் நிறமற்றதாகிவிடும். இவ்வாறு பதப்படுத்தப்பட்டவை சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன.

இம்முறை பரவலாகாமைக்குக் காரணம் செலவே. தொட்டி, நீரேற்றி, ஆட்கூலி ஆகியவற்றோடு, வைத்திருக்கும் காலத்தில் சில விலங்குகள் இறப்பதும், எஞ்சியவை எடை குறைவதும் வணிகருக்கு இழப்பாகின்றன. எடைக்கு விலை பேசப்படும் சந்தையில், குடலில் உள்ள சேறும் எடையில் சேர்ந்தே விற்கப்படுகின்றது. வாங்குவோரில் பலர் உப்பே போதும் என்று நம்புவதும் கூடுதல் விலை கொடுப்பதற்கான தேவையைக் குறைத்துவிட்டது.

வீட்டில் இம்முறையைச் செய்வது கடினம். காற்றூட்டி இல்லாத தொட்டியில் ஒரு சாக்கு சிங்கி இறாலை ஓர் இரவு விட்டால் காலையில் எஞ்சுவது இறந்தவையே. ஈரமான சாக்கில் குளிர்ச்சியாக ஒரு நாள் வைத்திருத்தல் ஓரளவு பயன் தரும். ஆயினும் குளிரில் செரிமானம் மெதுவாவதால் குடல் முழுதும் காலியாவதில்லை. எனவே வீட்டில் வேகவைப்போர், நன்கு கழுவுவதோடு நின்று, உண்ணும்போது குடலை உருவி நீக்குவதே நடைமுறைக்கு உகந்தது. குடலை உண்டாலும், நன்கு வெந்ததாயின், நோய் வருவதில்லை. மண் கடிபடுவதும் சற்றுக் கசப்பதுமே குறை.

இறந்தவற்றைப் பிரித்தல்

கழுவும்போது செய்யவேண்டிய வேலைகளில் இதுவே மிகவும் இன்றியமையாதது. சிங்கி இறால் இறந்தவுடன், கல்லீரல்-கணையச் சுரப்பியில் உள்ள செரிமான நொதிகள் வால் தசையைச் சிதைக்கத் தொடங்குகின்றன. நுண்ணுயிர்களும் விரைந்து பெருகுகின்றன. இதனால் தசை குழைந்து மாவுபோல் ஆகும், தீய நாற்றமும் தோன்றும். நெடுநேரம் முன்னர் இறந்தவை ஒருசில பாத்திரத்தில் கலந்தால் அந்நாற்றம் விருந்து முழுவதையும் கெடுக்கும்.

குளிர் அறையிலிருந்து அப்போதுதான் எடுத்த விலங்குகள் அசைவற்றுக் கிடக்கும். அவற்றை இறந்தவை என எண்ணி எறிந்துவிடுதல் கூடாது. சில நிமிடங்கள் நிழலில் வைத்தபின் கால்களையோ உணர்கொம்புகளையோ அசைக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். கையில் தூக்கும்போது கொடுக்கும் வாலும் தளர்ந்து தொங்குபவை, தொட்டபோதும் அசையாதவை, நாற்றம் உடையவை ஆகியவற்றை நீக்கிவிடலாம். கோடை வறட்சிக்குப் பின்னர் விளைச்சல் குன்றி விலை உயர்ந்த 2024 ஆம் ஆண்டுப் பருவம் போன்ற காலங்களில், உயிருள்ளதை எறிவதும் இழப்பாகும், இறந்ததைச் சேர்ப்பதும் இழப்பாகும். லூசியானா ஆளுநர் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சிங்கி இறால் தொழிலுக்காகப் பேரிடர் அறிவிப்பு வெளியிட்டார்.

வெந்தபின் வால் நேராக நீண்டிருந்தால், அது வேகுமுன்னரே இறந்தது என்றும் அதனை உண்ணலாகாது என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. உயிருடன் இட்டவற்றின் வால் உட்புறம் சுருளும் என்பதே இதன் அடிப்படை. ஆனால் பாத்திரத்தில் நெருக்கமாக அடைபட்டவை, உயிருடன் இடப்பட்டிருந்தாலும், சுருள இடமின்றி நேராகவே வெந்துவிடக்கூடும். சற்று முன்னர் இறந்தது சுருண்ட வாலுடன் வேகவும் கூடும். எனவே வாலின் வடிவத்தைவிடத் தசையின் உறுதியே நம்பத்தக்க சோதனை. உரித்த தசை உறுதியாக இருப்பின் உண்ணலாம். குழைந்து நொறுங்கினால் எறிந்துவிடுதல் வேண்டும்.

பிற நாடுகளில்

செஞ்சதுப்புச் சிங்கி இறால் 1927 இல் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து சப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. உணவுக்காக வளர்க்கப்பட்ட பெருந்தவளைகளுக்கு இரையாக்குவதே நோக்கம். அங்கிருந்து சில ஆண்டுகளில் சீனாவின் நாஞ்சிங் பகுதியை அடைந்தது. இன்று இதனை மிகுதியாக வளர்ப்பதும் உண்பதும் சீனாவே. அங்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துச் சிறு தூரிகையால் வயிற்றுப்புறத்தைத் தேய்ப்பர். வால் விசிறியின் நடு மடலைத் திருகி இழுத்து, குடலை முழுதாக உருவி எடுப்பதும் உண்டு. பிரான்சிலும் நடு மடலை இழுத்துக் குடலை நீக்கும் முறை பழைய சமையல் மரபைச் சேர்ந்தது. லூசியானாவில் பிரெஞ்சு வழிவந்த சமையல் மரபு வலுவாக இருந்தும் இம்முறை விருந்துகளில் கையாளப்படுவதில்லை. பல நூறு விலங்குகளுக்கு இதைச் செய்ய ஒரு நாள் போதாது.

2010 ஆம் ஆண்டு நாஞ்சிங் நகரில் சிங்கி இறால் உண்ட இருபதுக்கும் மேற்பட்டோர் தசைச் சிதைவு நோய்க்கு ஆளாயினர். உணவகங்கள் சிங்கி இறாலைப் பளபளப்பாக்கப் பயன்படுத்திய கழுவும் தூளே காரணம் என்ற ஐயம் மக்களிடையே விரைவாகப் பரவியது. விசாரணையில் அது உறுதிப்படவில்லை. மீன் உண்டபின் சில இடங்களில் தோன்றும் ஆஃப் நோயை இது ஒத்திருந்தது. நச்சுப்பொருள் எது என்பது கண்டறியப்படவில்லை.

சுவீடனில் ஆகத்து மாதத்தில் சிங்கி இறால் விருந்து நடைபெறுகின்றது. அங்குப் பிடித்தவற்றைக் கூண்டில் இட்டு ஏரி நீரிலேயே வைத்திருந்து, பின்னர் வெந்தயக் கீரையை ஒத்த தோற்றம் இல்லாத, சோம்புக் குடும்பத்தைச் சேர்ந்த சதகுப்பைப் பூவுடன் வேகவைப்பர்.

நோய்த் தடுப்பு

கழுவுதல் சேற்றை நீக்குமேயன்றி நோய்க்கிருமிகளை அழிக்காது. வட அமெரிக்கச் சிங்கி இறால்கள் சிலவற்றின் உடலில் நுரையீரல் தட்டைப்புழுவின் இளநிலை காணப்படுகின்றது. மிசூரி மாநிலத்தில் 2006 முதல் 2010 வரையான காலத்தில், ஆற்றில் படகுச் சுற்றுலா சென்று சிங்கி இறாலைப் பச்சையாக விழுங்கிய சிலர் இப்புழுவால் நோயுற்றனர். நன்கு கொதிக்கவைத்தால் புழு அழிந்துவிடும். உப்பு நீரோ புளிக்காடியோ இதற்கு மாற்றாகாது.

வெந்தவற்றை, முன்னர் உயிருள்ளவை இருந்த கழுவாத தொட்டியிலோ பனிக்கட்டிப் பெட்டியிலோ கொட்டுதல் கூடாது. தொட்டியில் எஞ்சிய சேற்று நீரிலிருந்து கிருமிகள் மீண்டும் உணவில் ஏறும்.

விலங்குநலன் நோக்கிலும் இச்செயற்பாடு அண்மைக் காலத்தில் ஆராயப்படுகின்றது. சுவிட்சர்லாந்து 2018 இல் கடற் சிங்கி போன்றவற்றை மயக்காமல் கொதிநீரில் இடுவதைத் தடைசெய்தது. ஐக்கிய இராச்சியம் 2022 இல் இயற்றிய சட்டம் பத்துக்காலிகளையும் உணர்வுடைய விலங்குகளாக ஏற்றுக்கொண்டது. லூசியானாவில் இத்தகைய சட்டம் இல்லை. பயனற்ற உப்புக் குளியலைக் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுவதுண்டு.

கழுவிய நீரும் எஞ்சியவையும்

கழுவிய நீரைப் புல்தரையிலோ தோட்டத்திலோ ஊற்றலாம். உப்புச் சேர்த்திருந்தால் செடிகள் கருகும். ஏரி, குளம், மழைநீர் வடிகால் ஆகியவற்றில் விடுதல் ஏற்றதன்று. 2007 இல் லூசியானாவின் சிங்கி இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் கண்டறியப்பட்டது. 1990களில் தமிழ்நாட்டின் கடலோர இறால் பண்ணைகளைப் பேரிழப்புக்கு உள்ளாக்கிய அதே தீநுண்மியே இதற்கும் காரணம். மனிதருக்கு இதனால் தீங்கில்லை எனினும், ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்கு நீருடனும் விலங்குடனும் இது பரவக்கூடியது.

உயிருடன் எஞ்சியவற்றை இரக்கப்பட்டு அருகிலுள்ள நீர்நிலையில் விடுவது இன்னும் பெருங்கேடு. செஞ்சதுப்புச் சிங்கி இறால் தன் இயற்கை வாழிடத்துக்கு வெளியே, கரைகளைத் துளைத்து, நீர்த்தாவரங்களை அழித்து, உள்ளூர் இனங்களை ஒடுக்குகின்றது. அமெரிக்க இனங்கள் தாம் நோயுறாமல் சுமந்து செல்லும் பூஞ்சை போன்ற ஓர் உயிரி, ஐரோப்பிய இனங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. இக்கொள்ளைநோய் 1907 இல் சுவீடனை அடைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் செஞ்சதுப்புச் சிங்கி இறாலை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஐக்கிய அமெரிக்காவுக்குள்ளேயே, மிச்சிகன் மாநில நீர்நிலைகளில் இது உயிருடன் வாழ்வது 2017 இல் கண்டறியப்பட்டது. உணவுக்காக உயிருடன் கொண்டுவரப்படுபவையும் இவ்வாறு பரவும் வழிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன. அம்மாநிலத்தில் இவ்வினத்தை உயிருடன் வைத்திருத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. லூசியானாவிலும், எஞ்சியவற்றை வேகவைத்து உரித்து உறைய வைப்பதே வழக்கம். உரித்த வால் தசை பின்னர் எட்டுஃபே போன்ற குழம்புகளுக்குப் பயன்படுகின்றது.